இருநூத்தி மூணாம் பக்கத்துல ஒரு கதவு

சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க கையில வச்சிருக்கீங்களே, அந்தப் புத்தகத்தை எழுதினது என் தம்பி. கூடப் பிறந்த தம்பி. அட்டையில அன்னமயில்னு போட்டிருக்கிறதைப் பார்த்து யாரோ பொம்பளைன்னு நினைச்சிருப்பீங்க. பொம்பளை இல்லை, மீசை வச்ச ஆம்பளை. சொந்தப் பேரு முத்திருளன். மெட்ராஸ்ல வில்லிவாக்கத்துல இருக்கான். அவன் வீட்டுல பதினாறு நாள் இருந்துட்டுத்தான் இப்ப இந்த ரயில்ல ஊருக்குத் திரும்பிப் போறேன்.

எத்தனாவது பக்கத்துல இருக்கீங்க? நூத்தி நாப்பதா. பரவாயில்லை, வேகமாத்தான் படிக்கிறீங்க. இருநூத்தி மூணு வரட்டும். மேல இருந்து ஒம்பதாவது வரி. "மூத்தவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்." அந்த மூத்தவன் நான்தான். நானூத்திப் பன்னெண்டு பக்கம் சார் அந்தப் புத்தகம். அதுல நான் ஒரு கதவைச் சாத்துறேன். அதுக்கு முன்னாடியும் நான் இல்லை, பின்னாடியும் இல்லை. சாத்தினவன் உள்ள இருந்தானா, வெளிய போனானா, சாப்பிட்டானா, ஒரு தகவலும் கிடையாது.

என் பேரு சோலையப்பன். விருதுநகர் பஜார்ல காராச்சேவு கடை வச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் பருப்பு மில்லுல மூட்டை தூக்கினேன். நான் பத்தாங்கிளாசோட நின்னவன், எதையும் மெதுவாத்தான் படிப்பேன். அந்தப் புத்தகத்தை நாலு மாசம் படிச்சேன் சார், கையில பென்சிலை வச்சுக்கிட்டு. நான் வர்ற இடத்துல எல்லாம் கோடு போடணும்னு ஆசை. நல்லாக் கூராச் சீவி வச்ச பென்சில். அந்த ஒரு கோட்டோட சரி, இன்னும் கூர் மழுங்காம அப்படியே இருக்கு.

எங்க குடும்பக் கதை அவன் புத்தகத்துல எல்லாம் இருக்கும், ஆனா அவன் சொல்றது வேற, நான் சொல்றது வேற. எங்கய்யா அந்தப் பருப்பு மில்லுல லோடுமேன். எனக்குப் பதினஞ்சு வயசு, தங்கச்சி அன்னமயிலுக்குப் பன்னெண்டு, இவனுக்கு ஆறு. அடுக்கி வச்ச மூட்டை சரிஞ்சு அய்யா மேல விழுந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. மில்லுக்காரங்க நல்ல மனசோட ரெண்டு மூட்டை துவரம்பருப்பு அனுப்பி வச்சாங்க. வேற ஒன்னும் அனுப்பலை. எட்டு மாசம் சார். காலையில பருப்புத் தண்ணி, மத்தியானம் பருப்புக் கடைசல், ராத்திரி அவிச்ச பருப்பு. இன்னிக்கும் கல்யாணப் பந்தியில சாம்பார் வாளியைத் தூக்கிட்டு ஒருத்தன் வந்தா நான் எந்திரிச்சுக் கை கழுவப் போயிருவேன்.

அந்தப் பருப்பை இவன் ஏழு கதையில எழுதிட்டான். ஏழு. அதுல ஒன்னுக்குப் பரிசு குடுத்தாங்க. நானும் போயிருந்தேன், ரெண்டாவது வரிசையில உக்கார வச்சாங்க. பருப்போட மணத்தைப் பத்தி மேடையில ஒருத்தர் அரை மணி நேரம் பேசினார். அந்த மூட்டையை வாசல்ல இருந்து உள்ள இழுத்துட்டு வந்தவன் யாருன்னு ஒருத்தரும் பேசலை. கைதட்டினாங்க, நானும் தட்டினேன். வேற என்ன செய்ய?

அடுத்த வருஷம் அன்னமயிலுக்கு மஞ்சக்காமாலை. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம். கண்ணு மஞ்சளாகி, நகமெல்லாம் மஞ்சளாகி, பதினோரு நாள்ல போயிட்டா. அவளைப் பத்தி நான் அதிகம் பேச மாட்டேன் சார். தம்பிக்கு செவுத்துல கரித்துண்டால அ, ஆ எழுதிப் பழக்கினது அவதான். அதனால அவ பேரையே வச்சுக்கிட்டு எழுதுறான். அது நியாயம். அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தப் பேரால வந்த கூத்தைக் கேளுங்க. ஒரு ஊர்ல மகளிர் மன்றத்துக்காரங்க, "எழுத்தாளர் அன்னமயில் அம்மா அவர்கள்"னு நோட்டீஸ் அடிச்சு இவனைக் கூப்பிட்டுட்டாங்க. இவன் போய் நிக்கிறான். அங்க தாம்பாளத்துல பட்டுச்சேலை, வளையல், குங்குமம், தலைக்கு ரெண்டு முழம் மல்லிகைப்பூ. வேற எதுவும் வாங்கி வைக்கலை. கொஞ்ச நேரம் கூடிக் கூடிப் பேசிட்டு, அந்தச் சேலையையே பொன்னாடையா மடிச்சு இவன் தோள்ல போத்தி விட்டாங்க. வளையலையும் விடலை, கையில குடுத்துட்டாங்க. சேலையை என் வீட்டுக்காரிக்குக் குடுத்தான். அவ அதைக் கட்டிக்கிட்டு, கொழுந்தன் பேசிச் சம்பாதிச்ச சேலைன்னு தெருவெல்லாம் காட்டிட்டு வந்தா.

இருங்க, விஷயத்துக்கு வர்றேன். எங்க வீட்டுல ஒரு வெள்ளாடு இருந்துச்சு. தம்பியோட படிப்புக்கு அம்மா அதை வித்துட்டா. கசாப்புக் கடைக்குத்தான் போச்சு. அந்த ஆட்டுக்குத் தனியா ஒரு கதை, பதினெட்டுப் பக்கம். அதோட காது எப்படி, கண்ணு எப்படி, அது இவன் கையை நக்கினது எப்படி. ஆட்டுக்குப் பதினெட்டுப் பக்கம், அண்ணனுக்கு ஒரு கதவு. கேக்க எப்படி இருக்கு?

எங்க தெருமுக்குல சடையாண்டின்னு ஒருத்தர் டீக்கடை வச்சிருந்தார். அவர் இருந்த காலத்துல அவரைப் பத்தி இவன் ஒரு வரி எழுதினதில்லை. ஆடியில செத்தார், ஐப்பசியில பத்திரிகையில கதை வந்துருச்சு. டீத்தூள்ல புளியங்கொட்டைப் பொடி கலந்த ஆளு சார். கதையில அவர் பசிச்ச பிள்ளைகளைக் கூப்பிட்டு பன் குடுக்கிறார். குடுத்தார், இல்லைன்னு சொல்லலை. ஆனா அது முந்தாநாள் பன். அதை எழுத மாட்டான்.

எங்கம்மா எண்பத்தொரு வயசு வரைக்கும் இருந்தா. அவ இருக்கிறவரைக்கும் அவளைப் பத்தியும் ஒரு சொல் எழுதலை. போய்ச் சேர்ந்தா, வருஷம் திரும்புறதுக்குள்ள இந்தா, நீங்க வச்சிருக்கிற நானூத்திப் பன்னெண்டு பக்கம். செத்தவங்கன்னா அவனுக்குத் தனிப் பிரியம். ரேஷன் கடையில கூட உயிரோட இருக்கிறவனுக்குத்தான் அரிசி போடுவான். இவன்கிட்ட எல்லாம் தலைகீழ்.

எனக்கு என்ன சார் குறைச்சல், புத்தகத்துல வர்றதுக்கு? அய்யா செத்த பதினேழாம் நாள் அதே மில்லுக்கு, அதே அடுக்குக்குக் கீழ, நான் மூட்டை தூக்கப் போனேன். பதினஞ்சு வயசு. போகும்போது மேல பார்த்துக்கிட்டே போவேன், எது சரியும்னு. இவனை மதுரையில காலேஜ் படிக்க வச்சேன். ஒரே நேரத்துல ரெண்டு மூட்டை தூக்குவேன், அந்த வட்டாரத்துல வேற யாரும் கிடையாது. வேணும்னா விசாரிச்சுப் பாருங்க. நானா இதையெல்லாம் சொல்லிக்கிறது நல்லா இல்லைதான். ஆனா அவன் எழுதலையே, வேற யார் சொல்லுவா?

அம்மாவைப் பத்தின அந்தப் புத்தகத்தை நான் படிச்சு முடிச்ச அன்னிக்கு நேராவே கேட்டுட்டேன். தினமும் காலையில ஆறரைக்கு அவன் போன் பண்ணுவான் சார், முப்பது வருஷமா. பெரிய எழுத்தாளன், பேசுறது என்னன்னு கேட்டீங்கன்னா, சாப்டியா, என்ன குழம்பு, கடைக்கு எப்பக் கிளம்புறே. அவ்வளவுதான். அன்னிக்கும் என்ன குழம்புன்னு கேட்டான். குழம்பு கிடக்கட்டும்டா, ஊர்ல செத்தவன் எல்லாரையும் எழுதிட்டே, ஆட்டை எழுதிட்டே, என்னை ஏன்டா எழுதலைன்னு கேட்டேன். அதுக்கு அவன் சொன்னான்:

"உன்னைப் பத்தி எழுத என்னண்ணே இருக்கு? நினைப்பு வந்தா போன் பண்ணிப் பேசிக்கிறேன்."

கேட்டீங்களா? எழுத என்ன இருக்குங்கிறான். நான் போன்ல பேசுறதுக்குத்தான் லாயக்கு. அன்னிக்கு நான் சாப்பிடலை சார். மறுநாள் ஆறரைக்கு மறுபடியும் போன். என்ன குழம்பாம்.

வடையா? வேண்டாம் சார், நீங்க சாப்பிடுங்க. எனக்கு வயித்துல புண்ணு. அதுலதான் இந்தக் கதையே ஆரம்பிக்குது.

மாசி மாசம் வயித்துல ஒரு வலி. சாப்பிட்டாலும் வலி, சாப்பிடலைன்னாலும் வலி. எடையும் குறைஞ்சு போச்சு. எங்க ஊர் டாக்டர் அமுக்கிப் பார்த்துட்டு, பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டார். தம்பிகிட்ட குழம்பு சொல்ற வாக்குல இதையும் சொன்னேன். மறுநாளே டிக்கெட் போட்டு வரவழைச்சுட்டான். அங்க ஆஸ்பத்திரியில வாய் வழியா ஒரு குழாயை விட்டு, அது நுனியில கேமராவாம், வயித்தைப் படம் பிடிச்சாங்க. புண்ணு இருக்கு, அதுல துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம், முடிவு வர பத்து நாள் ஆகும்னாங்க. அப்புறம் டாக்டர் தம்பியை மட்டும் தனியாக் கூப்பிட்டு வச்சு ரொம்ப நேரம் பேசினார். படிச்சவங்க படிச்சவங்களோடதான பேசுவாங்க. வெளிய வந்தப்ப தம்பி முகம் கறுத்துப் போயிருந்துச்சு. அந்த ஆஸ்பத்திரியில ஒரு பேன் சுத்தலை சார், வேர்வைதான்.

அன்னிக்குச் சாயங்காலத்துல இருந்து அந்த வீட்டுல எனக்கு வந்த மரியாதை இருக்கே. தம்பி பொண்டாட்டி ரேணுகா நல்ல பொண்ணுதான், ஆனா என் குறட்டையைப் பத்தி எப்பவும் ஒரு வார்த்தை சொல்லாம இருக்க மாட்டா. இந்தத் தடவை ஒன்னும் சொல்லலை. "குறட்டை சத்தம் கேட்டாத்தான் மாமா எனக்குத் தூக்கமே வருது"ன்னா. இடியாப்பம் பிழியிறா, தேங்காய்ப்பால் எடுக்கிறா. திடீர்னு கண்ணைத் துடைச்சுக்குவா. கேட்டா தூசி விழுந்துருச்சுங்கிறா. அஞ்சாவது மாடியில என்ன தூசியோ.

மூணாம் நாள் விடியக்காலையில முழிச்சுப் பார்க்கிறேன், தம்பி என் கட்டில் பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்து என்னையே பார்த்துட்டு இருக்கான். மடியில நோட்டு. என்னடான்னேன். தூங்குண்ணேன்னான். எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து மேசைக்குப் போனேன். ஏழெட்டுத் தாள், கிளிப் போட்டு வச்சிருக்கான். எடுத்துப் பார்த்தா, முதல் வரியிலேயே என் பேரு. சோலையப்பன்னு முழுசா. மூத்தவன் கீத்தவன் எல்லாம் இல்லை.

சந்தோஷத்தை எப்படிச் சொல்றது சார். அறுபத்தெட்டு வயசு எனக்கு. பாத்ரூம்ல தண்ணி விழுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே அந்தத் தாளைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். அவன் எழுத ஆரம்பிச்சு முப்பத்தஞ்சு வருஷம், உயிரோட இருக்கிற ஒரு ஆளைப் பத்தி எழுதுறது இதுதான் முதல் தடவை. அதுவும் என்னைப் பத்தி. பக்கத்துல இருந்து பார்க்கப் பார்க்க என் அருமை அவனுக்குப் புரிஞ்சு போச்சுன்னு நினைச்சேன்.

குளிச்சுட்டு வந்தவன்கிட்ட, எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சுடான்னேன். துண்டை அப்படியே கீழ போட்டுட்டான். "என்ன தெரிஞ்சுதுண்ணே? யார் சொன்னா?"ன்னு பதறுறான். நீ என்னைப் பத்தி எழுதுறது தெரிஞ்சுதுன்னேன். அப்படியே கட்டில்ல உக்காந்துட்டான். பாவம், ரகசியமா எழுதி என்னை அசத்தணும்னு வச்சிருந்தான் போல, நான் கெடுத்துட்டேன்.

அப்புறம் என்ன, நானும் சேர்ந்து உழைக்க ஆரம்பிச்சுட்டேன். ரெண்டு மூட்டை தூக்கினதை விட்டுறாதேன்னேன். பெண் பார்க்கப் போனப்ப என் மாமனார் என்னைக் கறுப்புன்னு சொன்னார், அதைப் போட்டு அவரை நல்லா நாலு கேள்வி கேளுன்னேன். இந்தத் தடவை எங்கயாவது ஒரு இடத்துல கதவைத் திறக்கிற மாதிரி எழுதுன்னேன். அவன் கடைக்குப் போன நேரத்துல தாளை எடுத்து அங்கங்க பென்சிலால திருத்தியும் வச்சேன். "மெலிந்த உடல்"னு எழுதியிருந்தான். அடிச்சுட்டு "நல்ல கட்டுமஸ்தான உடல்"னு போட்டேன். அவன் கோபப்படவே இல்லை சார். தலையைத் தடவி விட்டுட்டுப் போனான், அண்ணனை. அப்படியே ஒத்துக்கிட்டான்.

அவனும் கேள்வி கேப்பான். எல்லாம் பழைய காலத்துக் கேள்வி. ஒருநாள் கேட்டான்:

"அன்னமயிலைத் தூக்கிட்டுப் போனப்ப நீ ஏண்ணே அழலை?"

"அழுதா உன்னை யாருடா தூக்கிட்டு நடக்கிறது? நீ என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன்னுட்டே. ஏழு வயசுக் கழுதை."

இவ்வளவுதான் சொன்னேன். நோட்டை மூடி வச்சுட்டு பால்கனிக்குப் போயிட்டான். அரை மணி நேரம் ஆளைக் காணோம். நான் இங்க அடுத்ததைச் சொல்லலாம்னு காத்துக்கிட்டு இருக்கேன். இப்படி நடுநடுவுல எந்திரிச்சுப் போனா புத்தகம் எப்ப முடியிறது?

இதுக்கு நடுவுல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் சார். சந்தோஷம் தாங்காம ஊருக்குப் போன் போட்டு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், தம்பி என்னைப் பத்திப் புத்தகம் எழுதுறான்னு. என் கடைக்கு எதிர்ல ஜெயபால்னு ஒருத்தன் பிளெக்ஸ் அடிக்கிற கடை வச்சிருக்கான். என்மேல பிரியம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, பஜார் முக்குல பத்தடிக்கு பிளெக்ஸ் வச்சுட்டான். நடுவுல என் போட்டோ பெருசா. கீழ "எழுத்தாளர் அன்னமயில் அவர்களின் அன்பு அண்ணன்". மேல "விரைவில்".

எங்க ஊர்ல ஒரு ஆள் போட்டோவைப் பத்தடிக்கு வச்சா ஒன்னு எலெக்ஷன், இல்லாட்டி சாவு. இப்ப எலெக்ஷன் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆள் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனதும் தெரியும். காலையில பத்து மணிக்குள்ள வீட்டு வாசல்ல நாப்பது பேர். பாடி எப்ப வருதுன்னு கேக்கிறாங்க. என் வீட்டுக்காரி நின்னுக்கிட்டு, அவரு நல்லா இருக்காரு, புத்தகத்துலதான் வரப் போறாருன்னு ஒவ்வொருத்தருக்கா விளக்கம் சொல்லி அனுப்பியிருக்கா. வாங்கின மாலையைத் திருப்பிக் கொண்டு போக மனசில்லாம மூணு பேர் அந்த பிளெக்ஸுக்கே போட்டுட்டுப் போயிட்டாங்களாம்.

எனக்குச் சிரிப்புத் தாங்கலை. சாப்பிடும்போது தம்பிகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அவன் பிசைஞ்ச சோத்தை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுட்டான். "அதைக் கழட்டச் சொல்லு. இப்பவே கழட்டச் சொல்லு"ன்னு கத்தினான். ஜென்மத்துல என்னை அவன் சத்தம் போட்டதில்லை சார். ரேணுகா உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. எனக்கு ஒன்னும் புரியலை. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். அவன் எழுதி எழுதிக் கைதேய்ஞ்சவன், ஊர்ல அவனுக்கு ஒரு பிளெக்ஸ் கிடையாது. எனக்குப் பத்தடி. வருத்தம் இருக்கத்தானே செய்யும்? பெரிய மனுசன் ஆனாலும் மனசுன்னு ஒன்னு இருக்குல்ல. ஜெயபாலுக்குப் போன் போட்டுக் கழட்டச் சொல்லிட்டேன்.

பத்து நாள் பன்னெண்டு நாளாச்சு. அதுக்குள்ள அறுபத்திரெண்டு தாள் எழுதிட்டான். நான் தினமும் எண்ணிப் பார்ப்பேன். பன்னெண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை டாக்டர் என்னையும் சேர்த்து உள்ள கூப்பிட்டார். சிரிச்சுக்கிட்டே சொன்னார், "ஒன்னுமில்லை பெரியவரே, சாதாரணப் புண்ணுதான். நாங்க பயந்த மாதிரி புத்துநோய் கிடையாது. மூணு மாசம் மாத்திரை சாப்பிடுங்க"ன்னார். அப்படி ஒன்னைப் பயந்தாங்கன்னு எனக்கே அப்பத்தான் தெரியும். சரிங்க ஐயான்னு கும்பிட்டுட்டு வெளிய வந்தா, கூட வந்தவனைக் காணோம். வராந்தாவுல தரையில உக்காந்திருக்கான், சுவர்ல சாஞ்சுக்கிட்டு. பேண்ட் போட்டவன் சார். போறவர்றவங்க எல்லாம் சுத்திக்கிட்டுப் போறாங்க. எந்திரிடா, கேவலமா இருக்குன்னு நான்தான் கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டேன்.

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கூடக் கழட்டலை. நேரா மேசைக்குப் போனான். அந்த அறுபத்திரெண்டு தாளையும் எடுத்தான். கிழிச்சான்.

ஆமா சார், கிழிச்சான். நாலு நாலு தாளாச் சேர்த்துக் கிழிக்கிறான். சிரிக்கிறான், மூக்கைச் சட்டையில துடைச்சுக்கிறான், கிழிக்கிறான். நான் கிழிக்காதடா, கிழிக்காதடான்னு கையைப் பிடிக்கிறேன். ரேணுகா ஓடி வந்தா. தடுக்கத்தான் வர்றான்னு பார்த்தா, அவளும் ஒரு கத்தையை வாங்கிக்கிட்டுத் தரையில உக்காந்துட்டா. கல்யாண வீட்டுல பூக்கட்ட உக்கார்ற மாதிரி புருஷனும் பொண்டாட்டியும் எதிர் எதிரா உக்காந்து என்னைக் கிழிக்கிறாங்க. அவளும் சிரிக்கிறா, அவளுக்கும் கண்ணுல தண்ணி. அன்னிக்குத் தூசின்னு கூடச் சொல்லலை.

நான் கேட்டேன். "நோய் இல்லை, சந்தோஷம். அதுக்கு ஏன்டா புத்தகத்தைக் கிழிக்கிறே? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" அவன் அடுத்த நாலு தாளை எடுத்துக் கிழிக்கிறான். நீங்க படிச்சவர், நீங்களே சொல்லுங்க. ரெண்டுக்கும் என்ன சார் சம்பந்தம்? நோயாளியா இருந்தா எழுதுவான், நல்லாயிட்டா எழுத மாட்டானா? நல்லா இருக்கிறவனுக்குக் கதை கிடையாதா? நீங்க என்ன ஜன்னலைப் பார்க்கிறீங்க.

குப்பைக்கூடையில இருந்து ஒரே ஒரு துண்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில வச்சுக்கிட்டேன். இந்தா, பாருங்க. அவன் கையெழுத்துதான். நாலு விரல் அகலம். ஒரு வரி முழுசா இருக்கு. "அண்ணன் இருந்தவரைக்கும் அய்யா செத்ததே எனக்குத் தெரியவில்லை." எப்படி எழுதியிருக்கான் பாருங்க. இந்த ஒரு வரியை வாங்குறதுக்கு அறுபத்தெட்டு வருஷம் ஆச்சு எனக்கு. இதைப் போய்க் கிழிச்சுட்டானே. குடுங்க சார், பத்திரமா வச்சுக்கிறேன். என்ன, கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறீங்க? எழுத்து சரியாத் தெரியலையா?

இப்ப என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. விருதுநகர்ல எறங்கினதும் பஜார் வழியாத்தான் வீட்டுக்குப் போகணும். ஊருக்கே சொல்லி வச்சிருக்கேன். நாப்பது பேர் வந்து விசாரிச்சுட்டுப் போயிருக்காங்க, மூணு பேர் மாலை போட்டிருக்காங்க. புத்தகம் எங்கன்னு கேட்டா என்ன சொல்றது? எனக்கு உடம்பு நல்லாயிருச்சு, அதனால புத்தகம் இல்லைன்னா? சொன்னா எவனாவது நம்புவானா? அந்த ஜெயபால் முகத்துல எப்படி முழிப்பேன்?

இன்னிக்குக் காலையில ஸ்டேஷனுக்கு அவன்தான் கொண்டு வந்து விட்டான். பெட்டியை என்னைத் தொட விடலை. தயிர்சோறு, தண்ணி பாட்டில், மாத்திரை எல்லாம் எடுத்து வச்சு, எந்த மாத்திரை எப்பன்னு மூணு தடவை சொன்னான். வண்டி கிளம்பப் போகுது. மனசு கேக்கலை. ஜன்னல் வழியாக் கடைசியா ஒரு தடவை கேட்டேன், மறுபடியும் உக்காந்து எழுதுடா, எல்லாம் ஞாபகம் இருக்கும்ல, இல்லாட்டி நான் சொல்றேன்னு. அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு சொல்றான்:

"நீ அதைக் கேக்கவே கேக்காதண்ணே. உன்னைப் பத்தி நான் ஒரு வரி எழுதக் கூடாது. எழுதாமலே நான் போய்ச் சேரணும்."

பார்த்தீங்களா வன்மத்தை? கூடப் பிறந்தவன்மேல. இடுப்புல தூக்கிட்டு நடந்தவன்மேல. அதுவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டே, சிரிச்ச முகமா. வண்டி நகர்ந்த பிறகும் கூடவே நடந்து வந்தான், பிளாட்பாரம் முடியிற வரைக்கும். நான் திரும்பிப் பார்க்கலை. சரி, ஒரு தடவை பார்த்தேன்.

ஆனா நானும் அவனுக்கு அண்ணன் சார். சும்மா விட்டுருவேனா? டாக்டர் சொன்ன மாத்திரையை ஒரு வேளை தவறாமப் போடப் போறேன். காரத்தை விட்டாச்சு, சேவுக்கடைக்காரன் இனி சேவைத் தொடப் போறதில்லை. காலையில நடக்கப் போறேன், ராத்திரி நேரத்துக்குப் படுக்கப் போறேன். அவன் எத்தனை வருஷம் வேணும்னாலும் வீம்பு பிடிக்கட்டும். எழுபது ஆகட்டும், எண்பது ஆகட்டும், தொண்ணூறே ஆகட்டும். அவன் என்னைப் பத்தி எழுதுற வரைக்கும் நான் இருந்து பார்க்கத்தான் போறேன்.